எடைக்குப் போடும் முன்: நம் வீட்டுப் பழம்பொருட்கள் பற்றிச் சில விளக்கங்கள்

 

நம் பகுதியில் சில ஆண்டுகளாகப் பழைய வீடுகள் ஒன்றன்பின் ஒன்றாக இடிக்கப்பட்டுப் புதிய வீடுகள் எழும்பி வருகின்றன. வெளிநாட்டில் இருக்கும் பிள்ளைகள் விடுமுறைக்கு வரும் மாதங்களில்தான் பெரும்பாலும் இந்த வேலை தொடங்கும். வீட்டை இடிக்க வேண்டுமென்றால் முதலில் பரணைக் காலி செய்ய வேண்டும். பரணிலிருந்து இறங்குவது என்ன? கைப்பிடி கழன்ற தேக்சா, கறுத்துப்போன சஹன்கள், பன்னீர்ச் செம்பு, அரிக்கேன் விளக்கு, முள் நின்றுபோன கைக்கடிகாரம், பூட்டுத் திறக்காத பெட்டி. இரண்டு நாள் முற்றத்தில் கிடக்கும். மூன்றாம் நாள் தள்ளுவண்டி வரும், தராசு தொங்கும், எல்லாம் போய்விடும்.

இதே காலத்தில் இன்னொன்றும் நடக்கிறது. நம் இளைஞர்கள் சிலர் நகரத்துக் கடைகளில் பழைய வானொலிப் பெட்டியையும் பித்தளைக் கூஜாவையும் நல்ல விலை கொடுத்து வாங்கி வந்து வரவேற்பறையில் வைக்கிறார்கள். சொந்த வீட்டுப் பொருள் எடைக்குப் போகிறது. யார் வீட்டுப் பொருளோ விலைக்கு வருகிறது.

அறக்கட்டளை அலுவலகத்துக்கு வருகிறவர்கள் இது குறித்து மூன்று கேள்விகளைத் திரும்பத் திரும்பக் கேட்கிறார்கள். இந்தப் பொருட்களுக்கு மதிப்பு உண்டா? மரணித்தவர்களின் பொருட்களை யார் எடுத்துக்கொள்வது? அறக்கட்டளைக்குக் கொடுத்துவிடலாமா? தனித்தனியாகப் பதில் சொல்லிக்கொண்டிருப்பதைவிட எல்லோரும் படிக்கும்படி எழுதிவிடலாம் என்று நிர்வாகக் குழுவில் சொன்னார்கள். அதன் விளைவே இந்தக் கட்டுரை.

பொருளின் பெயரே ஒரு வரலாறு

நம் வீட்டுச் சாமான்களின் பெயர்களைச் சற்றுக் கவனியுங்கள். பலர் சுற்றி உட்கார்ந்து உண்ணும் பெரிய வட்டத் தட்டுக்குச் சஹன் என்கிறோம். அது அரபுச் சொல். தட்டு என்று பொருள். சோறாக்கும் தேக்சா பாரசீகத்திலிருந்து வந்தது. குர்ஆனை விரித்து வைக்கும் ரெஹால் அரபுச் சொல். சுர்மாதானி பாரசீக வழி. துணி வைக்கும் அலமாரி, எழுதும் மேசை, பூட்டைத் திறக்கும் சாவி மூன்றும் போர்ச்சுகீசியர் விட்டுப்போன சொற்கள். பீங்கான் தட்டை நம் வீட்டுப் பெரியவர்கள் 'மங்கு' என்பார்கள். மலாய் மொழியில் கிண்ணத்துக்கு 'மங்கோக்' என்று பெயர்.

ஒரு சமையலறையும் ஒரு படுக்கையறையும் போதும். அரபு நாடு, பாரசீகம், போர்ச்சுகல், மலாயா என்று நம் முன்னோர்கள் கடல் வழியே யாரோடெல்லாம் வணிகம் செய்தார்கள், யாரோடெல்லாம் பழகினார்கள் என்று தெரிந்துகொள்ளலாம். பாத்திரம் போனால் பெயரும் போய்விடும். இன்று பத்து வயதுப் பிள்ளையிடம் சுர்மாதானி எடுத்து வா என்று சொல்லிப் பாருங்கள்.

இன்னொரு செய்தி. பழைய பித்தளை, தாமிரப் பாத்திரங்களின் விளிம்பிலோ அடியிலோ புள்ளி புள்ளியாக எழுத்து வெட்டியிருக்கும். பாத்திரக் கடையில் வாங்கும்போதே பெயர் வெட்டித் தருவார்கள். பெரும்பாலும் பெயரின் முதலெழுத்துகள் இருக்கும். சிலவற்றில் ஊர்ப் பெயரும் ஆண்டும் இருக்கும். புளியும் சாம்பலும் போட்டுத் துலக்கிவிட்டு வெளிச்சத்தில் சாய்த்துப் பாருங்கள். அடுக்களையோடு வாழ்ந்து மறைந்த பல பெண்களின் பெயர் வேறு எந்த ஏட்டிலும் இருக்காது. அவர்கள் சீராகக் கொண்டுவந்த செம்பில் மட்டும் இருக்கும்.

தேக்சாவும் ஈயமும்

பெரிய தாமிர தேக்சாவைத்தான் தராசு முதலில் தேடும், ஏனெனில் பழைய உலோகங்களில் தாமிரத்துக்கு விலை அதிகம். கொடுப்பவர்கள் பலருக்குத் தாமிரத்துக்கும் பித்தளைக்கும் வெண்கலத்துக்கும் வேறுபாடு தெரிவதில்லை. சுரண்டிப் பார்த்தால் செந்நிறமாக இருப்பது தாமிரம். மஞ்சளாக இருப்பது பித்தளை. தாமிரமும் துத்தநாகமும் கலந்தது. வெண்கலம் தாமிரமும் வெள்ளீயமும் கலந்தது. தட்டினால் மணிபோல நெடுநேரம் ஒலிக்கும், கீழே போட்டால் உடையும். இந்த வேறுபாடு தெரியாமல் எல்லாவற்றையும் ஒரே விலைக்குப் போட்டுவிடுகிறவர்கள் உண்டு.

தாமிரம் வெப்பத்தைச் சீராகப் பரப்பும். அதனால்தான் பிரியாணிக்குத் தம் போடுகிற பண்டாரிகள் அதை விரும்பினார்கள். ஆனால் தயிர், எலுமிச்சை, தக்காளி, புளி போன்ற புளிப்புப் பொருட்கள் வெறும் தாமிரத்தோடு சேர்ந்தால் பச்சைக் களிம்பு ஏறும். உணவு கெடும், வயிறும் கெடும். இதைத் தடுக்கத்தான் உட்புறம் ஈயம் பூசினார்கள். பாத்திரத்தைத் துலக்கி, தணலில் சூடேற்றி, நவச்சாரத் தூளைத் தூவி, ஈயத்தை உருக்கி விட்டு, பஞ்சால் ஒரே வீச்சில் தேய்ப்பார்கள். கறுத்த பாத்திரம் கண்ணெதிரே வெள்ளியாக மாறும். தெருவில் ஈயம் பூசுகிறவர் துருத்தி வைத்து உட்கார்ந்தால் பள்ளிக்கூடம் விட்ட பிள்ளைகள் வீட்டுக்குப் போக மாட்டார்கள். என் வயதுக்காரர்களுக்கு இது நினைவிருக்கும்.

இதில் கவனிக்க வேண்டியது ஒன்று உண்டு. ஈயம் என்று நாம் பொதுவாகச் சொன்னாலும் அது இருவகை. பூச வேண்டியது வெள்ளீயம். அது 232 டிகிரி செல்சியஸிலேயே உருகிவிடும்; அதனால்தான் தணல் சூட்டிலேயே வேலை முடிகிறது. காரீயம் வேறு உலோகம்; அது நஞ்சு. விலை மலிவு என்பதால் காரீயம் கலந்து பூசப்படும் அபாயம் உண்டு. ஆகவே பழைய தேக்சாவை மீண்டும் பயன்படுத்த நினைப்பவர்கள், தெரிந்த ஆளிடம் கலப்பில்லாத வெள்ளீயம் என்று கேட்டுப் பூசிக்கொள்ளுங்கள். ஈயம் தேய்ந்து செந்நிறம் தெரியத் தொடங்கினால் மறுபடி பூசும்வரை அதில் சமைக்க வேண்டாம்.

பாயும் சஹனும்

திருநெல்வேலி மாவட்டத்துப் பத்தமடைப் பாயை அறியாதவர்கள் நம்மில் குறைவு. தாமிரபரணிக் கரையில் விளையும் கோரையை அறுத்து, காயவைத்து, நீரில் ஊறவைத்து, இழை இழையாகக் கிழித்துப் பருத்தி நூல் பாவில் நெய்வார்கள். மிக நயமான பாயைக் கைக்குட்டைபோல மடித்துவிடலாம். இதை நெய்பவர்கள் பெரும்பாலும் நம் சமுதாயத்துக் குடும்பத்தினர், அவர்களிலும் பெண்களே அதிகம். மணமக்கள் பெயரும் திருமண நாளும் பாயிலேயே நெய்யப்பட்ட கல்யாணப் பாய் பல வீடுகளில் சுருட்டி வைக்கப்பட்டிருக்கிறது. புவிசார் குறியீடு பெற்ற பொருள் இது. ஆயினும் நெகிழிப் பாய் வந்தபின் தறியில் உட்காரும் வீடுகள் குறைந்துவிட்டன. பழைய பாயின் மீது நமக்கு உண்மையிலேயே ஆசை இருந்தால், வீட்டுத் திருமணத்துக்குப் புதிய பாய் ஒன்றை அந்தப் பெண்களிடம் சொல்லி நெய்து வாங்குவதே அந்த ஆசைக்கு அழகு. பழையதை மட்டும் பத்திரப்படுத்திவிட்டுத் தொழிலைச் சாகவிட்டால் பயனில்லை.

பழைய பாயைக் காக்க விரும்புபவர்கள் மடித்து வைக்காமல் சுருட்டி வையுங்கள். மடித்த இடத்தில் கோரை முறியும். ஈரச் சுவரில் சாய்க்காதீர்கள். ஆண்டுக்கு இருமுறை நிழலில் விரித்துக் காற்றாட விடுங்கள்.

சஹனைப் பற்றியும் சொல்ல வேண்டும். கீழக்கரை, காயல்பட்டினம் போன்ற கடலோர ஊர்களில் திருமண விருந்தில் ஒரு சஹனைச் சுற்றிச் சிலர் உட்கார்ந்து உண்பது இன்றும் வழக்கம். எண்ணிக்கை ஊருக்கு ஊர் மாறும். சேர்ந்து உண்பதில் பரக்கத் உண்டு என்று கேட்டு வளர்ந்தவர்கள் நாம். முதலாளியும் அவரிடம் வேலை பார்ப்பவரும் ஒரே தட்டில் கை வைக்க வேண்டியிருந்தது. வீட்டிலும் அப்படித்தான், பிள்ளைகள் நால்வரும் ஒரு சஹனில் உட்கார்ந்தால், யார் குறைவாகச் சாப்பிடுகிறார்கள் என்று உம்மாவுக்குக் கேட்காமலே தெரியும். அந்தச் சஹனைச் சுவரில் மாட்டி அழகு பார்க்கிற வீடுகள் இன்று இருக்கின்றன. தவறில்லை. வெள்ளிக்கிழமை மதியம் மட்டுமாவது அதைக் கீழே இறக்கினால் இன்னும் நல்லது.

விளக்கு, வானொலி, கடிகாரம்

மின்சாரம் எல்லா வீட்டுக்கும் வராத காலத்தில் மாப்பிள்ளை ஊர்வலத்துக்கும் மீலாது மேடைக்கும் வெளிச்சம் தந்தது பெட்ரோமாக்ஸ். ஜெர்மனியைச் சேர்ந்த மாக்ஸ் கிரேட்ஸ் 1910-ஆம் ஆண்டளவில் உருவாக்கிய விளக்கு அது; பெட்ரோலியம் என்பதையும் அவர் பெயரையும் சேர்த்தே பெட்ரோமாக்ஸ் என்று பெயரிட்டார்கள். மண்ணெண்ணெய்க்குப் பம்பு அடித்து அழுத்தம் ஏற்றினால் அது ஆவியாகி மேலே போய் மேண்டிலில் எரியும். அந்த மேண்டில் தோரியம், சீரியம் உப்புகளில் தோய்த்த வலைத்துணி. முதல்முறை கொளுத்தியதும் துணி எரிந்து உப்பின் சாம்பல் மட்டும் கூடாக நிற்கும். ஒளி தருவது அந்தக் கூடுதான்.

இதில் நம் பக்கத்துக் கதை ஒன்று இருக்கிறது. 1909-ஆம் ஆண்டு, திருவிதாங்கூரிலிருந்து போன தேங்காய் நாரில் ஒட்டியிருந்த மணலில் தோரியம் கொண்ட மோனசைட் இருப்பதை ஷோம்பெர்க் என்ற ஜெர்மானியர் கண்டறிந்தார். அதன்பின் இன்றைய கன்னியாகுமரி மாவட்டத்து மணவாளக்குறிச்சியில் அந்த மணலைப் பிரித்தெடுக்கும் ஆலை அமைந்தது. வெள்ளைக்காரன் விளக்கு என்று நாம் நினைத்ததற்கு ஒளி கொடுத்தது நம் கடற்கரை மணல்.

ஒரு முன்னெச்சரிக்கை: தோரியம் சிறிதளவு கதிரியக்கம் உள்ளது. விளக்கை அழகுக்கு வைக்கலாம். அதில் பழைய மேண்டில் இருந்தால் உடைந்து தூளாகிக் குழந்தைகள் மூச்சில் போகாமல், ஈரத்துணியால் துடைத்து எடுத்து அப்புறப்படுத்துங்கள்.

வால்வு வானொலிகளும் சில வீடுகளில் இருக்கின்றன. அந்தக் காலத்தில் வானொலி வைத்திருக்க உரிமம் வேண்டும். அஞ்சலகத்தில் ஆண்டுதோறும் பணம் கட்ட வேண்டும். 1980-களின் நடுப்பகுதியில்தான் அது நீங்கியது. இலங்கை வானொலியின் தமிழ் ஒலிபரப்பு நம் கடலோரத்தில் தெளிவாகக் கேட்கும். நாகூர் இ.எம். ஹனிபா அவர்களின் குரலை முதன்முதலில் வானொலியிலோ இசைத்தட்டிலோ கேட்டவர்கள்தான் நம்மில் மூத்தவர்கள் எல்லோரும். இத்தகைய பெட்டியைப் பல ஆண்டுகள் கழித்து நேராக மின்சாரத்தில் மாட்டிப் பார்க்காதீர்கள். உள்ளே உயர் அழுத்த மின்சாரம் ஓடும். பழைய மின்தேக்கிகள் வெடிக்கலாம். தெரிந்த பழுதுபார்ப்பவரிடம் காட்டிய பின்பே இயக்க வேண்டும்.

எச்.எம்.டி. கைக்கடிகாரம் நம் வாப்பாமார்களின் கையில் இருந்தது. ஜப்பானின் சிட்டிசன் நிறுவனத்தின் துணையோடு 1961-இல் பெங்களூரில் தொடங்கிய தயாரிப்பு அது. 2016-இல் அந்தப் பிரிவை மூட மத்திய அமைச்சரவை முடிவெடுத்தது. பத்தாம் வகுப்பில் தேறியதற்கும் நிக்காஹுக்கும் கொடுக்கப்பட்ட பரிசு பெரும்பாலும் இதுவே. சாவி கொடுக்கும் கடிகாரம் நின்றுவிட்டால் கெட்டுவிட்டது என்று நினைக்க வேண்டாம். உள்ளே எண்ணெய் உறைந்திருக்கும். சுத்தம் செய்தால் பல ஓடும். 1960-களுக்கு முற்பட்ட, இருட்டில் ஒளிர்ந்த முகப்புள்ள வெளிநாட்டுக் கடிகாரங்களில் ரேடியம் கலந்த பூச்சு இருந்திருக்கலாம். அவற்றின் கண்ணாடியை வீட்டில் திறக்காதீர்கள்.

சுர்மாதானியைப் பற்றியும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். பித்தளையிலும் வெள்ளியிலும் செய்த அழகிய சுர்மாதானிகள் நம் வீடுகளில் உண்டு; அவற்றைப் பேணுங்கள். உள்ளே மிஞ்சியிருக்கும் பழைய சுர்மாவைக் குழந்தைகளின் கண்ணில் இடாதீர்கள். கடைகளில் விற்கும் சுர்மா பலவற்றில் காரீயம் இருப்பதைப் பல நாட்டுச் சுகாதாரத் துறைகள் எடுத்துக்காட்டியிருக்கின்றன. காரீயம் குழந்தைகளின் மூளை வளர்ச்சியைப் பாதிக்கும்.

பெட்டிக்குள் இருக்கும் காகிதம்

மலாயா, சிங்கப்பூர் சென்று வந்தவர்கள் கொண்டுவந்த கற்பூர மரப்பெட்டி பல வீடுகளில் இருக்கிறது. அந்த மரத்தின் மணத்துக்குப் பூச்சி அண்டாது. அதனால் பட்டும் பத்திரமும் அதில் வைத்தார்கள். ரஜூலா கப்பலிலும், பின்னாளில் எம்.வி. சிதம்பரத்திலும் நாகப்பட்டினத்தில் வந்து இறங்கிய பெட்டிகள் அவை. பெட்டி எடைக்குப் போவதைவிட, பெட்டிக்குள் இருப்பதைக் குப்பையில் கொட்டுவதே பெரிய இழப்பு. கப்பல் பயணச் சீட்டு, பழைய கடவுச்சீட்டு, ஜப்பானியர் ஆட்சியில் மலாயாவில் வெளியிட்ட வாழைமர நோட்டு, கடிதங்கள், நிலப் பத்திரங்கள் எல்லாம் அதில் இருக்கும். குடும்பத்துக்கே மறந்துபோன நிலத்தின் பத்திரமும், பள்ளிவாசலுக்கு முன்னோர் எழுதிவைத்த வக்ஃப் பத்திரமும் இத்தகைய பெட்டிகளில் இருக்கக்கூடும்.

இவற்றோடு அரபுத்தமிழ் ஏடுகளும் இருக்கலாம். தமிழை அரபு எழுத்தில் எழுதும் முறை அது. அரபியில் இல்லாத தமிழ் ஒலிகளுக்குப் புள்ளிகள் சேர்த்துத் தனி எழுத்துகள் ஆக்கினார்கள். குர்ஆன் ஓதத் தெரிந்த நம் பாட்டிமார்கள் மார்க்கச் சட்டங்களையும் மாலைகளையும் படித்தது இந்த எழுத்தில்தான். மாப்பிள்ளை லெப்பை ஆலிம் என்று அழைக்கப்படும் கீழக்கரை இமாமுல் அரூஸ் (1816–1898) அவர்கள் இதில் பல நூல்கள் எழுதினார்கள். வீட்டில் யாருக்கும் படிக்கத் தெரியாததால் கிழிந்த குர்ஆன் பிரதி என்று எண்ணி மண்ணில் அடக்கிவிடுகிறவர்கள் இருக்கிறார்கள். அருள்கூர்ந்து அவசரப்படாதீர்கள். முதலில் ஓர் ஆலிமிடம் காட்டுங்கள். சென்னையில் அரசினர் கீழ்த்திசைச் சுவடிகள் நூலகம் இருக்கிறது. அரபு, பாரசீகச் சுவடிகளும் அங்கே உள்ளன. பழைய தமிழ் அச்சு நூல்களுக்கு ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகம் இருக்கிறது.

பழைய காகிதத்தில் ஒட்டுநாடா ஒட்டாதீர்கள், லேமினேஷன் செய்யாதீர்கள். இரண்டும் காகிதத்தைக் கெடுக்கும், பின்பு பிரிக்கவும் முடியாது. உலர்ந்த கையால் எடுத்து, ஒவ்வொரு பக்கத்தையும் பகல் வெளிச்சத்தில் கைப்பேசியில் படம் பிடித்து, பருத்தித் துணியில் சுற்றி, தரையில் படாமல் வையுங்கள்.

யாருக்குச் சொந்தம்?

இப்போது இரண்டாவது கேள்விக்கு வருகிறேன். நம் அலுவலகத்துக்கு வந்த ஒரு வழக்கைப் பெயர் குறிப்பிடாமல் சொல்கிறேன். ஒரு தாய் மௌத்தானார். மூன்று மகன்கள், இரண்டு மகள்கள். நாற்பது நாள் முடிவதற்குள் வீட்டுப் பாத்திரங்கள் எடைக்குப் போய்விட்டன. மூத்தவர் கெட்ட எண்ணத்தில் செய்யவில்லை. வீட்டை வாடகைக்கு விட வேண்டும், இடம் வேண்டும். சில மாதம் கழித்து வெளியூரிலிருந்து இளைய மகள் வந்து, உம்மா எங்களுக்குச் சோறு வைக்கும் சஹன் எங்கே காக்கா என்று கேட்டார். விற்ற பணத்தில் உன் பங்கை எடுத்துக்கொள் என்றார் அண்ணன். நான் பணம் கேட்டேனா என்று அழுதவர், அதன்பின் அந்த வீட்டு வாசலை மிதிக்கவில்லை. பாத்திரத்தைத் தேடி ஆள் அனுப்பினோம். அது உருக்குவதற்குப் போய் நெடுநாள் ஆகியிருந்தது. இரு தரப்பையும் உட்கார வைத்துப் பேசச் சில ஆண்டுகள் பிடித்தன. சந்தையில் அந்தத் தட்டின் விலை ஒருநாள் கூலிகூட இருக்காது.

மரணித்தவர் விட்டுச்சென்றவை என்றால் வீடும் நிலமும் நகையும் மட்டும் என்று பலர் நினைக்கிறார்கள். கரண்டியும் கட்டிலும் கைக்கடிகாரமும் அதில் சேர்ந்தவையே. அடக்கச் செலவு, கடன், மூன்றில் ஒரு பங்குக்கு மேற்படாத வஸிய்யத் ஆகியவை போக மீதி எல்லாம் வாரிசுகள் அனைவருக்கும் உரியது. மகனுக்கு இரண்டு பங்கு என்றால் மகளுக்கு ஒரு பங்கு. அந்த ஒரு பங்கு பாத்திரத்திலும் உண்டு. தாய் சீராகக் கொண்டுவந்தவை தாயின் சொத்து. தந்தையின் கணக்கில் அவற்றைச் சேர்க்கக் கூடாது. அவர் மறைந்தால் உயிரோடு இருக்கும் கணவருக்கும் அதில் பங்கு உண்டு. "இது சின்னவளுக்கு" என்று உம்மா வாய்மொழியாகச் சொல்லியிருந்தாலும், உயிரோடு இருந்தபோதே கையில் கொடுத்து ஒப்படைக்காவிட்டால் அது அன்பளிப்பாகாது. வாரிசு ஒருவருக்குச் செய்த வஸிய்யத் மற்ற வாரிசுகளின் சம்மதம் இருந்தால்தான் செல்லும்.

நடைமுறையில் இதைச் செய்வது கடினமில்லை. வாரிசுகள் எல்லோரும், வர முடியாதவர்கள் கைப்பேசியிலாவது, ஒருநாள் கூடுங்கள். பொருட்களைப் பட்டியல் போடுங்கள். ஒருவர் மட்டும் விரும்பும் பொருளை அவருக்கு விட்டுக்கொடுங்கள். இருவர் விரும்பினால் விலை மதித்து, எடுப்பவர் பங்கில் கழித்துக்கொள்ளுங்கள். வாரிசுகளில் சிறுவர் இருந்தால் அவர்கள் பங்கை விட்டுக்கொடுக்கப் பெரியவர்களுக்கு உரிமை இல்லை என்பதை மறக்க வேண்டாம். பங்கு விவரத்தில் ஐயம் இருந்தால் உங்கள் மஹல்லா ஆலிமை அணுகுங்கள். அதுவரை தள்ளுவண்டியை வாசலில் நிறுத்தாதீர்கள்.

அறக்கட்டளைக்குக் கொடுக்கும் பொருளுக்கும் இதே விதிதான். மரணித்தவரின் பொருளை எல்லா வாரிசுகளும் சம்மதித்த பின்பே வாங்கிக்கொள்கிறோம். ஒரு மகன் கொண்டுவந்து வைத்தார் என்பதற்காக மகளின் பங்கை நாம் ஸதகாவாக எழுதிக்கொள்ள முடியாது.

ஜகாத்தும் சட்டமும்

வீட்டு உபயோகத்துக்கான தாமிரம், பித்தளை, பீங்கான் பொருட்களுக்கு, அவை எவ்வளவு பழையதானாலும், ஜகாத் இல்லை. வெள்ளி, தங்கப் பாத்திரங்களின் நிலை வேறு. அவை நிஸாப் அளவை எட்டினால் நாற்பதில் ஒரு பங்கு ஜகாத் உண்டு. அவற்றில் உண்பதும் பருகுவதும் தடுக்கப்பட்டவை. வெள்ளிப் பன்னீர்ச் செம்பு போன்றவற்றை வைத்துக்கொள்வது பற்றி உங்கள் மத்ஹபுக்கு ஏற்ப ஆலிம்களிடம் கேட்டறியுங்கள்.

நாட்டுச் சட்டமும் ஒன்று உண்டு. 1972-ஆம் ஆண்டின் தொல்பொருட்கள் மற்றும் கலைச் செல்வங்கள் சட்டப்படி, நூறு ஆண்டுக்கு மேற்பட்ட கலை, கைவினைப் பொருட்கள் தொல்பொருளாகக் கருதப்படலாம். வரலாற்று, இலக்கிய மதிப்புள்ள கையெழுத்துச் சுவடிகளுக்கு எழுபத்தைந்து ஆண்டு போதும். இத்தகைய பொருளைத் தனியார் எவரும் வெளிநாட்டுக்கு எடுத்துச் செல்ல முடியாது. வளைகுடாவிலோ மலேசியாவிலோ இருக்கும் மகனுக்கு நினைவாகக் கொடுத்தனுப்ப எண்ணுபவர்கள், பொருளின் வயதில் ஐயம் இருந்தால் தொல்லியல் துறையில் கேட்டுவிட்டு அனுப்புங்கள். விமான நிலையத்தில் பதில் சொல்லிக்கொண்டு நிற்க வேண்டாம்.

எடைக்குப் போடும் முன்

பழைய இரும்புக் கடைக்குக் 'காயலான் கடை' என்ற பெயர் வந்ததே காயல்பட்டினத்தார் அந்த வணிகத்தில் இருந்ததால்தான் என்று சொல்வதுண்டு. ஆகவே அந்தத் தொழிலைக் குறைத்துப் பேசுவது என் நோக்கமல்ல. உடைந்ததும் உதவாததும் அங்கேதான் போக வேண்டும். எல்லாவற்றையும் சேர்த்து வைத்துக்கொண்டு வீட்டைக் கிடங்காக்குவதும், பழம்பொருளைக் காட்டிப் பெருமையடிப்பதும் நமக்கு வேண்டாதவை. தராசு எடையை மட்டும்தான் சொல்லும். எது எஞ்ச வேண்டும் என்பதை நாம் முடிவு செய்ய வேண்டும். அதற்கு நான்கு காரியங்களைச் செய்யுங்கள்.

முதலில் பாருங்கள்: துலக்கி, பெயர் வெட்டு இருக்கிறதா, பெட்டிக்குள் காகிதம் இருக்கிறதா என்று பாருங்கள். இரண்டாவது, கேளுங்கள்: உரிமை உள்ளவர்களிடம் சம்மதம் கேளுங்கள், வீட்டில் மூத்தவர்களிடம் அந்தப் பொருளின் கதையைக் கேளுங்கள். உங்கள் ராத்தாவும் மாமியும் உயிரோடு இருக்கும்போதே கேட்க வேண்டிய கேள்வி அது. மூன்றாவது, எழுதுங்கள்: யார் வாங்கியது, எந்த ஊரில், யார் கல்யாணத்துக்கு வந்தது என்று நான்கு வரி எழுதி, பொருளின் படத்தோடு வையுங்கள். கதை தெரியாத பொருள் அடுத்த தலைமுறைக்கு வெறும் உலோகம். அவர்கள் எடைக்குப் போட்டால் அவர்கள் மீது குற்றமில்லை. நான்காவது, பயன்படுத்துங்கள், உங்களால் முடியாவிட்டால் பயன்படுத்துவோரிடம் கொடுங்கள்.

இந்த நான்காவதில் அறக்கட்டளைக்கும் பங்கு இருக்கிறது. நம் பாத்திரக் கூடத்திலிருந்து ஏழைக் குடும்பங்களின் திருமணத்துக்கும் வலீமாவுக்கும் வாடகையின்றிப் பாத்திரங்கள் கொடுத்து வருவதை அறிவீர்கள். அவற்றில் பெரிய தேக்சாக்கள் சில குடும்பங்கள் வக்ஃபாகக் கொடுத்தவை. ஈயம் பூசி, பழைய பெயர் வெட்டு அழியாமல் பாதுகாத்து வருகிறோம். நூறு பேருக்குச் சோறாக்கும் பாத்திரம் நாலு பேர் உள்ள வீட்டுப் பரணில் கிடந்து என்ன பயன்? யாரோ ஒரு யத்தீம் பெண்ணின் நிக்காஹ் அன்று அது அடுப்பில் ஏறினால், விளிம்பில் பெயர் உள்ள அந்தப் பாட்டிக்கும் அதன் நன்மை சேரும், இன்ஷா அல்லாஹ். வாரிசுகளின் சம்மதத்தோடு கொடுக்க விரும்புவோர் அலுவலக நேரத்தில் வந்து பதிவு செய்யலாம். அரபுத்தமிழ் ஏடுகளோ பழைய பத்திரங்களோ இருந்தால் கொண்டுவந்து காட்டுங்கள். படம் பிடித்துக்கொண்டு மூலத்தை உங்களிடமே திருப்பித் தந்துவிடுவோம்.

அல்லாஹ் நம் முன்னோர்களின் பிழைகளைப் பொறுத்து, அவர்கள் விட்டுச்சென்றவற்றில் நமக்கு பரக்கத்தையும், அவற்றைப் பங்கிடுவதில் நீதியையும் தருவானாக! ஆமீன்.

வஸ்ஸலாம்.

செயலாளர்